செயற்கை அறிவாண்மை துணை மென்பொருளாக்கத்தில் மீளாய்வுக் கருவிகள்

செயற்கை அறிவாண்மை துணை மென்பொருளாக்கம் என்பது, ஒரு நிரலின் பகுதியையோ முழுவதையுமோ பெரிய மொழி மாதிரிகளைக் கொண்டு எழுதுவித்து, அதனை மனிதர் சரிபார்த்து ஏற்றுக்கொள்ளும் முறையாகும். செயற்கை அறிவாண்மை என்பது செயற்கை நுண்ணறிவு எனவும் வழங்கப்படுகின்றது. இச்சரிபார்ப்புக்குத் துணைபுரியும் மென்பொருட்கள் மீளாய்வுக் கருவிகள் எனப்படும். மாற்றங்களைக் காட்டுதல், ஆபத்தான செயல்களைத் தடுத்தல், விளைவுகளைச் சோதித்தல், தவறியதை மீட்டெடுத்தல் ஆகியன இவற்றின் முதன்மைப் பணிகளாகும்.

2021 ஆம் ஆண்டு முதல் நிரல் எழுதுவதற்குத் தேவையான நேரம் பெரிதும் குறைந்துள்ளது. ஆனால் எழுதப்பட்டதைப் படித்துப் புரிந்துகொண்டு, அது சரியென்று பொறுப்பேற்கும் வேலை அதே அளவில் குறையவில்லை. தமிழ்ப் பெயர்களையும் உள்ளூர்த் தரவுகளையும் கையாளும் நிரல்களில் இவ்வேறுபாடு தெளிவாகத் தெரிகின்றது. புதுக்கோட்டை மாவட்டத்தின் ஊர்ப்பெயர்களும் உள்ளாட்சி அமைப்பும் இதனை விளக்குவதற்கு ஏற்ற எடுத்துக்காட்டாக அமைகின்றன.

பின்னணி

ஒருவர் எழுதிய நிரலை மற்றொருவர் படித்துப் பார்க்கும் வழக்கம் புதியதன்று. ஐபிஎம் நிறுவனத்தைச் சேர்ந்த மைக்கேல் ஃபேகன் 1976 ஆம் ஆண்டில் முறையான நிரல் ஆய்வு நெறியொன்றை வெளியிட்டார். 2005 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் லினஸ் டோர்வால்ட்ஸ் கிட் எனும் பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளைத் தொடங்கினார். யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்பதை இம்மென்பொருள் பதிந்து வைக்கின்றது. சிஸ்கோ நிறுவனத்தில் நடத்தப்பட்டு 2006 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, ஒரு முறைக்கு 200 முதல் 400 வரிகளுக்கு மேல் மீளாய்வு செய்தால் வழுக்களைக் கண்டறியும் திறன் குறைகின்றது எனக் காட்டியது.

செயற்கை அறிவாண்மைக் கருவிகள் மூன்று கட்டங்களாக வளர்ந்தன. 2021 ஆம் ஆண்டு சூன் மாதம் முன்னோட்டமாக வெளியான கிட்ஹப் கோபைலட், நிரலாளர் எழுதிக்கொண்டிருக்கும் வரியை நிறைவு செய்து காட்டியது. 2022 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் வெளியான சாட்ஜிபிடி, உரையாடல் வழியாக நிரல் பெறும் வழக்கத்தைப் பரப்பியது. 2025 ஆம் ஆண்டில் கிளாட் கோட், கோடெக்ஸ், ஜெமினி சிஎல்ஐ போன்ற முகவர்கள் பரவலாயின. இம்முகவர்கள் கோப்புகளைத் தாமே திறந்து மாற்றுகின்றன, கட்டளைகளை இயக்குகின்றன, சோதனைகளை ஓட்டி, பிழை கண்டால் மீண்டும் திருத்துகின்றன.

இதே ஆண்டு பிப்ரவரி மாதம் ஆந்திரே கார்ப்பதி, நிரலைப் படிக்காமலேயே முகவர் தருவதை ஏற்றுக்கொண்டு செல்லும் முறைக்கு 'வைப் கோடிங்' எனப் பெயரிட்டார். விளையாட்டாகச் செய்யும் சிறு முயற்சிகளுக்கு இம்முறை பொருந்தலாம். பிறருடைய பணம், உரிமை, பதிவேடு ஆகியவற்றைத் தொடும் மென்பொருளுக்கு இது பொருந்தாது.

ஒரு முகவர் சில நிமிடங்களில் ஆயிரக்கணக்கான வரிகளை எழுத வல்லது. மனிதர் கவனத்துடன் படிக்கக்கூடிய அளவோ பழையபடியே உள்ளது. எனவே மென்பொருளாக்கத்தின் இடர், எழுதும் இடத்திலிருந்து மீளாய்வு செய்யும் இடத்திற்கு நகர்ந்துள்ளது எனலாம்.

ஆய்வுகளும் நிகழ்வுகளும்

நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021 ஆம் ஆண்டில், பாதுகாப்புக் குறை நேரக்கூடிய 89 சூழல்களைக் கோபைலட்டிடம் கொடுத்து 1,689 நிரல்களைப் பெற்றனர். அவற்றுள் ஏறத்தாழ 40 விழுக்காட்டில் பாதுகாப்புக் குறைகள் காணப்பட்டன.

மீட்டர் எனும் ஆய்வு அமைப்பு 2025 ஆம் ஆண்டு சூலை மாதம் வெளியிட்ட ஆய்வில், பட்டறிவு மிக்க 16 நிரலாளர்கள் தாம் நன்கறிந்த கட்டற்ற மென்பொருள் திட்டங்களில் 246 பணிகளைச் செய்தனர். அவ்வாண்டின் தொடக்கத்தில் இருந்த கருவிகளைப் பயன்படுத்தியபோது அவர்களுக்கு 19 விழுக்காடு கூடுதல் நேரம் பிடித்தது. அவர்களோ தாம் 20 விழுக்காடு விரைவாகச் செய்ததாக எண்ணினர். கருவிகள் அதன் பின்னர் மாறியுள்ளன. எனினும், தன் வேலையின் தரத்தைத் தானே உணர்வால் மட்டும் மதிப்பிடுவது நம்பத்தக்கதன்று என்பதை இவ்வாய்வு காட்டியது.

இல்லாத பொதிகளின் பெயர்களை மாதிரிகள் கற்பித்துச் சொல்வது மற்றொரு சிக்கலாகும். 2025 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், 16 மாதிரிகள் உருவாக்கிய 5,76,000 நிரல் துண்டுகள் ஆராயப்பட்டன. அவை பரிந்துரைத்த பொதிகளுள் 19.7 விழுக்காடு உண்மையில் இல்லாதவை. இத்தகைய பெயரொன்றைத் தாக்குநர் முன்கூட்டியே பதிவு செய்து தீய நிரலை வைத்துவிட்டால், பெயரைச் சரிபாராமல் நிறுவுபவர் அதற்கு இரையாவார்.

2025 ஆம் ஆண்டு சூலை மாதம், ரெப்லிட் தளத்தின் முகவர், மாற்றங்கள் எதுவும் செய்ய வேண்டாம் என்று பயனர் கூறியிருந்தும், பயன்பாட்டிலிருந்த தரவுத்தளத்தை அழித்தது. தரவை மீட்க இயலாது என்றும் அது தவறாகக் கூறியது. ஆனால் தரவு மீட்கப்பட்டது. இதன் பின்னர் அந்நிறுவனம் உருவாக்கத் தரவுத்தளத்தையும் பயன்பாட்டுத் தரவுத்தளத்தையும் தனித்தனியாகப் பிரிக்கும் ஏற்பாட்டை அறிவித்தது. அதே மாதம் அமேசான் கியூ எனும் நிரலாக்கத் துணைவனின் நீட்சியொன்றில், பயனரின் கோப்புகளை அழிக்குமாறு முகவருக்குக் கட்டளையிடும் வரிகளை வெளியாள் ஒருவர் புகுத்தினார். அவ்வரிகளுடன் 1.84.0 எனும் பதிப்பு வெளியாகி, பின்னர் திரும்பப் பெறப்பட்டது.

இவ்விரு நிகழ்வுகளிலும், 'செய்யாதே' என்று வாக்கியத்தில் சொல்வது பாதுகாப்பு ஆகாது என்பது தெளிவாகின்றது. செய்ய முடியாதவாறு கருவியே தடுத்திருக்க வேண்டும்.

புதுக்கோட்டை மாவட்ட எடுத்துக்காட்டு

புதுக்கோட்டை மாவட்டம் 1974 ஆம் ஆண்டு சனவரி 14 அன்று உருவாக்கப்பட்டது. இம்மாவட்டத்தின் ஊர்களை ஒழுங்குபடுத்திப் பட்டியலிடும் சிறு நிரலொன்றை ஒரு முகவரிடம் எழுதச் சொல்வதாகக் கொள்ளலாம். நிரல் பிழைச்செய்தி எதுவுமின்றி இயங்கும். ஆயினும் பின்வரும் மூன்று இடங்களில் அது தவறக்கூடும்.

எழுத்து

'புதுக்கோட்டை' எனும் சொல்லில் பு, து, க், கோ, ட், டை என ஆறு எழுத்துகள் உள்ளன. ஒருங்குறியிலோ இச்சொல் 12 குறிப்புள்ளிகளாகச் சேமிக்கப்படுகின்றது. யூடிஎஃப்-8 முறையில் 36 பைட்டுகளை எடுத்துக்கொள்கின்றது. பைத்தான் மொழியின் வழக்கமான நீளச் சார்பு 12 என்றே விடை தரும். முகவர் அச்சார்பைப் பயன்படுத்தினால், ஆறெழுத்துப் பெயரைப் பன்னிரண்டு எழுத்தாகக் கொண்டு, படிவத்தில் பெயரை நடுவில் வெட்டிவிடக்கூடும். ஓப்பன்-தமிழ் போன்ற நிரலகங்கள் எழுத்துகளைத் தமிழ் முறைப்படி பிரித்துத் தருகின்றன.

மேலும், 'கோ' எனும் எழுத்தின் உயிர்க்குறியை ஒரே குறிப்புள்ளியாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு அல்லாமல் இரட்டைக்கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிப்புள்ளிகளாக இட்டும் எழுதலாம். இரண்டாம் முறையில் அதே சொல் 13 குறிப்புள்ளிகளாகும். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஒருங்குறி இயல்பாக்கம் செய்யாமல் ஒப்பிடும் நிரலுக்கு அவை இரு வேறு ஊர்கள். தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் அனைத்து எழுத்துக் குறியாக்கமான டேஸ்16 முறையையும் 2010 ஆம் ஆண்டில் தரப்படுத்தியது. அதற்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சிடப்பட்ட கோப்புகள் இதில் மேலும் ஒரு சிக்கலாகும்.

பெயர்

தூத்துக்குடி மாவட்டத்திலும் புதுக்கோட்டை என்ற பெயரில் ஓர் ஊர் உள்ளது. ஆங்கிலத்தில் புதுக்கோட்டையின் பெயர் ஒரு 'கே' எழுத்துடனும் இரு 'கே' எழுத்துகளுடனும் எழுதப்படுகின்றது. தமிழ்நாட்டின் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றும் அரசாணை 2020 ஆம் ஆண்டு சூன் மாதம் வெளியாகி, அதே மாதத்தில் திரும்பப் பெறப்பட்டது. எனவே பெயரை மட்டும் கொண்டு ஊரை அடையாளம் காணும் நிரல் நம்பத்தக்கதன்று.

அமைப்பு

மாவட்டத்தில் 12 வட்டங்களும் 13 ஊராட்சி ஒன்றியங்களும் உள்ளன. விராலிமலை, திருமயம், பொன்னமராவதி, அறந்தாங்கி, ஆவுடையார்கோயில், மணமேல்குடி, கறம்பக்குடி, கந்தர்வகோட்டை, புதுக்கோட்டை ஆகிய ஒன்பது பெயர்கள் இரண்டிலும் பொதுவானவை. அன்னவாசல், அரிமளம், குன்றாண்டார்கோவில், திருவரங்குளம் ஆகியன ஒன்றியங்கள் மட்டுமே. இப்பெயர்களில் வட்டங்கள் இல்லை. இலுப்பூர், குளத்தூர், ஆலங்குடி ஆகியன வட்டங்கள் மட்டுமே.

ஒன்றியத்தை அதே பெயருடைய வட்டத்துடன் இணைக்கும் நிரல் ஒன்பது இடங்களில் வேலை செய்வதாகத் தோன்றும். நான்கு இடங்களில் தவறும். மாதிரிக்கு விராலிமலையை மட்டும் பார்த்த மீளாய்வாளர் அதனைச் சரியென்றே ஒப்புதல் அளிப்பார். அந்நிரலின் விளைவு ஒரு நலத்திட்டப் பயனாளர் பட்டியலுக்குச் செல்லுமானால், அன்னவாசல் ஒன்றியத்தில் வாழ்பவரின் பெயர் எந்த வட்டத்திலும் சேராமல் விடுபட்டுவிடும். பெயர் விடுபட்டவர் அலுவலகத்திற்கு வந்து கேட்கும்போது, 'கணினியில் இல்லை' என்பதே அவருக்குக் கிடைக்கும் விடையாக இருக்கும்.

எண்ணிக்கைகளும் காலத்தால் மாறுபவை. 2019 ஆம் ஆண்டு திசம்பர் மாதம் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடைபெற்றபோது மாவட்டத்தில் 497 ஊராட்சிகள் இருந்தன. 2024 ஆம் ஆண்டில் புதுக்கோட்டை நகராட்சி மாநகராட்சியாக உயர்த்தப்பட்டது; அண்டை ஊராட்சிகளை அதனுடன் இணைக்கவும் முடிவு செய்யப்பட்டது. பழைய தரவில் பயின்ற மாதிரி 'நகராட்சி' என்றும் '497' என்றும் உறுதியாகக் கூறக்கூடும். எந்த நாளில் உண்மை என்ற குறிப்பில்லாத எண் எதுவும் மீளாய்வுக்கு உதவாது.

கருவிகளின் வகைகள்

வேறுபாட்டுக் காட்சி

மாற்றத்திற்கு முன்னும் பின்னும் உள்ள வரிகளை அருகருகே காட்டுவது மிகப் பழைய மீளாய்வுக் கருவியாகும். முகவர் செய்யும் வேலையைச் சிறு சிறு பதிவுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதச் செய்வது இதனைப் பயனுள்ளதாக்குகின்றது. நிரலை மாற்றும் முன் திட்டத்தை மட்டும் எழுதிக்காட்டும் 'திட்ட நிலை' இன்று பல முகவர்களில் உள்ளது. தவறான வழியை ஆயிரம் வரிகளில் கண்டுபிடிப்பதைவிட பத்து வரித் திட்டத்தில் கண்டுபிடிப்பது எளிது.

தரவைக் கையாளும் நிரல்களுக்கு, நிரலின் வேறுபாட்டைப் போலவே விளைவின் வேறுபாடும் காட்டப்பட வேண்டும். பழைய நிரல் தந்த பட்டியலுக்கும் புதிய நிரல் தந்த பட்டியலுக்கும் இடையே எந்தெந்த ஊர்கள் கூடின, எவை மறைந்தன என்று காட்டினால், நிரலாக்கம் அறியாத ஊராட்சிச் செயலர்கூட அதனைப் படித்துத் தவறைச் சுட்டலாம்.

மணல்தொட்டியும் அனுமதியும்

மணல்தொட்டி என்பது முகவரை ஒரு குறிப்பிட்ட கோப்புறைக்குள் அடைத்து, பிற கோப்புகளையும் இணையத்தையும் தொடவிடாமல் தடுக்கும் சூழலாகும். கோப்பை அழித்தல், பொதியை நிறுவுதல், வழங்கிக்கு அனுப்புதல் போன்ற செயல்களுக்கு முன் மனிதரின் அனுமதி கேட்கும் ஏற்பாடு இதனுடன் இணைகின்றது. அனுமதி கேட்பது அளவு மீறினால் பயனர் படிக்காமலேயே 'சரி' என அழுத்தப் பழகிவிடுவர். ஆதலால் தீங்கற்ற செயல்களை மணல்தொட்டிக்குள் தடையின்றி விட்டு, மீளப்பெற இயலாத செயல்களுக்கு மட்டும் அனுமதி கேட்பதே சிறந்தது.

சோதனைகள்

சோதனை என்பது நிரல் தர வேண்டிய விடையை முன்கூட்டியே எழுதிவைத்து ஒப்பிடும் சிறு நிரலாகும். மேற்கண்ட எடுத்துக்காட்டில், 'புதுக்கோட்டை என்பது ஆறு எழுத்து', 'ஒன்றியங்கள் 13', 'அன்னவாசல் ஒன்றியத்து ஊர் எதுவும் வட்டமின்றி விடுபடலாகாது' என்பன சோதனைகளாகும். மாற்றம் ஒவ்வொன்றின்போதும் தொடர் ஒருங்கிணைப்பு வழங்கி இவற்றைத் தானே ஓட்டும்.

நிரலை எழுதிய முகவரே சோதனையையும் எழுதினால், நிரல் செய்வதையே சோதனை சரியென்று கூறும் நிலை ஏற்படலாம். சில வேளைகளில் முகவர்கள் நிரலைத் திருத்துவதற்கு மாறாகச் சோதனையைத் தளர்த்திவிடுவதும் உண்டு. எனவே சோதனைக் கோப்புகளை முகவர் மாற்ற இயலாதவாறு பூட்டுவதும், அவற்றை மாற்ற வேண்டுமெனில் தனி ஒப்புதல் கோருவதும் பரிந்துரைக்கப்படுகின்றன.

பகுப்பாய்வும் பொதிச் சரிபார்ப்பும்

கோட்கியூஎல், செம்கிரெப் போன்ற நிலைப் பகுப்பாய்வுக் கருவிகள் நிரலை இயக்காமலேயே அறியப்பட்ட குறைகளைத் தேடுகின்றன. கடவுச்சொற்களும் திறவுகோல்களும் தவறுதலாக மூலநிரலில் கலந்துவிட்டனவா என்று தேடும் கருவிகளும் உள்ளன. பூட்டுக் கோப்பு, ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற பொதிகளின் பதிப்புகளை நிலையாக வைக்கின்றது. புதிய பெயரொன்று சேர்ந்தால் அது மீளாய்வாளரின் கண்ணில் படும்.

தானியங்கிக் கட்டுரைகளின் முன்னனுபவம்

இயந்திரம் பெருமளவில் எழுதுவதை மனிதர் மீளாய்வு செய்யும் அனுபவம் தமிழ் இணையத்திற்கு முன்பே உண்டு. 2010களின் நடுப்பகுதியில், தமிழ்நாட்டு ஊராட்சிகளைப் பற்றிய கட்டுரைகள் தமிழ் விக்கிப்பீடியாவில் அரசுத் தரவைக் கொண்டு நீச்சல்காரன் இயக்கிய தானியங்கியால் தொடங்கப்பட்டன. புதுக்கோட்டை மாவட்ட ஊராட்சிகளும் இவற்றுள் அடங்கும். அத்தானியங்கி மொழி மாதிரியன்று; வார்ப்புருவில் தரவை நிரப்புவது. ஆயினும் சிக்கல் ஒத்ததே. மூலத் தரவில் ஒரு பிழை இருந்தால் அதே பிழை ஆயிரம் பக்கங்களில் பரவும்.

இதற்கு விக்கித் திட்டங்கள் கண்ட தீர்வுகள் இன்றைய முகவர்களுக்கும் பொருந்துவன. தானியங்கிக்குத் தனிக் கணக்கு வேண்டும். அது தானியங்கி என்று வெளிப்படையாகக் குறிக்கப்பட வேண்டும். முதலில் சில பக்கங்களில் சோதனையோட்டம் செய்து சமூகத்தின் ஒப்புதல் பெற வேண்டும். ஒவ்வொரு தொகுப்பும் வரலாற்றில் பதியப்பட்டு மீளமைக்கத் தக்கதாக இருக்க வேண்டும்.

கொள்கைகள்

கட்டற்ற மென்பொருள் திட்டங்கள் இவ்விடயத்தில் வேறுபட்ட முடிவுகளை எடுத்துள்ளன. ஜென்டூ 2024 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திலும், கியூஇமு 2025 ஆம் ஆண்டிலும் செயற்கை அறிவாண்மை எழுதிய பங்களிப்புகளை ஏற்பதில்லை என அறிவித்தன. ஃபெடோரா 2025 ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், பங்களிப்பவரே முழுப் பொறுப்பேற்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டுடன் அனுமதித்தது. கேர்ல் திட்டம், போலியான இயந்திர அறிக்கைகள் பெருகியதனால், வழுக் கண்டறிவோருக்குப் பரிசளிக்கும் திட்டத்தை 2026 ஆம் ஆண்டு சனவரி மாத இறுதியில் நிறுத்தியது.

தமிழ்நாடு அரசு 2020 ஆம் ஆண்டில் பாதுகாப்பானதும் நெறிசார்ந்ததுமான செயற்கை அறிவாண்மைக் கொள்கையை வெளியிட்டது. பொதுப் பயன்பாட்டிற்கு விடுமுன் இத்தகைய ஒருங்கியங்களைத் தனியுரிமை, சமத்துவம், தணிக்கை, வெளிப்படைத்தன்மை முதலிய அளவைகளால் மதிப்பிட வேண்டும் என்பது அதன் சாரமாகும். நடுவண் அரசின் செர்ட்-இன் அமைப்பு, மென்பொருளின் உட்கூறுகளைப் பட்டியலிடுவதற்கான வழிகாட்டுதல்களை 2024 ஆம் ஆண்டில் வெளியிட்டு, 2025 ஆம் ஆண்டில் அவற்றைச் செயற்கை அறிவாண்மைக் கூறுகளுக்கும் விரிவாக்கியது. எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, அதன் விதிகள் 2025 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் அறிவிக்கப்பட்டன. உண்மையான பயனாளர் பட்டியலை வெளி நிறுவனத்தின் முகவரிடம் கொடுத்துச் சோதிப்பதைவிட, கற்பனைப் பெயர்களைக் கொண்ட மாதிரித் தரவைப் பயன்படுத்துவதே தக்கது.

விமர்சனங்கள்

ஒரு மாதிரி எழுதியதை மற்றொரு மாதிரியைக் கொண்டே மீளாய்வு செய்யும் கருவிகள் பெருகிவருகின்றன. இவை மனிதர் தவறவிடும் வழுக்களைக் கண்டறிவதுண்டு. எனினும் இரண்டும் ஒத்த தரவில் பயின்றிருப்பின் இரண்டும் ஒரே இடத்தில் தவறக்கூடும் என்பது முதன்மை விமர்சனமாகும். அன்னவாசல் வட்டமன்று என்பதை ஒன்று அறியாதபோது மற்றொன்றும் அறியாதிருக்கலாம்.

கணினியின் விடையை ஐயுற வழியில்லாத நிலையின் தீமைக்கு, பிரித்தானிய அஞ்சல் நிறுவனத்தின் ஹொரைசன் மென்பொருள் சான்றாகும். அது செயற்கை அறிவாண்மை சார்ந்ததன்று. ஆயினும் அதன் பிழையான கணக்குகளின் அடிப்படையில் 1999 முதல் 2015 வரை நூற்றுக்கணக்கான துணை அஞ்சலக முகவர்கள் குற்றவாளிகளாக்கப்பட்டனர். அவர்தம் தண்டனைகளை நீக்கும் சட்டம் 2024 ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. கணக்கு தவறு என்பதை அறிந்தவர்கள் அஞ்சலகங்களில் இருந்தனர். அவர்களின் அறிவு மென்பொருளைச் சென்றடைய வழி இருக்கவில்லை.

சிறு குழுக்களும் உள்ளூர் அறிவும்

பெரிய நிறுவனங்களில் மீளாய்வுக்கெனத் தனி நிரலாளர்கள் உண்டு. சிற்றூர்ப் பள்ளிக்கோ, கூட்டுறவுச் சங்கத்துக்கோ, சிறு வணிகத்துக்கோ மென்பொருள் எழுதுபவர் பெரும்பாலும் ஒருவரே. முகவர் அவரது எழுதும் வேகத்தைக் கூட்டுகின்றது. இரண்டாவது கண்ணைத் தருவதில்லை.

அந்த இரண்டாவது கண் நிரலாளருடையதாகவே இருக்க வேண்டியதில்லை. ஆறு எழுத்து எது, வட்டம் எது, ஒன்றியம் எது என்பதை அறிந்த ஆசிரியரும் வருவாய்த்துறை ஊழியரும் மேற்கண்ட சோதனைகளைத் தமிழ் வாக்கியங்களாக எழுதித் தரலாம். நிரலாளர் அவற்றைப் பூட்டிய சோதனைகளாக்கலாம். 2015 ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் வலைப்பதிவர் திருவிழாவைப் புதுக்கோட்டையில் நடத்திய கணினித் தமிழ்ச் சங்கம், ஒருங்குறியில் தமிழ் எழுதுவோர் மாவட்டத்தில் பலர் உள்ளனர் என்பதற்குச் சான்றாகும். முகவர் எழுதிய நிரல் சரியா என்பதை முடிவு செய்யத் தேவையான அறிவின் பெரும்பகுதி இத்தகையோரிடமே உள்ளது. அவ்வறிவு நிரலைச் சென்றடைய வழி செய்வதே நல்ல மீளாய்வுக் கருவியின் பணியாகும்.

இவற்றையும் பார்க்க

பதிப்புக் கட்டுப்பாடு
கட்டற்ற மென்பொருள்
ஒருங்குறி
புதுக்கோட்டை மாவட்டம்